110, 125, 275: லெவோடோபா மாத்திரை அட்டையில் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

பார்க்கின்சன் நோயின் விறைப்பையும் மந்தத்தையும் குறைப்பதில் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரையை மிஞ்ச இன்னொரு மாத்திரை இன்றுவரை வரவில்லை. 1975-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டு இது. அதன்பின் வந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை இதற்குத் துணையாகவோ, இதைத் தொடங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடவோதான் பயன்படுகின்றன. இந்தியாவில் இது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு. நகரத்துப் பெரிய மருந்துக்கடை எதிலும் கிடைக்கும். இத்தனை இருந்தும் "மாத்திரை கேட்கவில்லை", "முதல் வாரமே ஒரே வாந்தி, நிறுத்திவிட்டோம்", "ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் ஒன்றுமே இல்லை" என்ற புகார்கள் ஓயவில்லை. இவற்றில் பெரும்பகுதி மருந்தின் குறை அல்ல. எந்த எண் போட்ட அட்டையை வாங்குகிறோம், அதை எப்போது, எதோடு விழுங்குகிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒரே கலவையைப் பல கம்பெனிகள் செய்வதால், இந்த விமர்சனம் எந்த ஒரு பிராண்டையும் பற்றியதல்ல, மாத்திரையைப் பற்றியது.

முதலில் எண்கள். பெட்டியில் 110, 125, 275 என்று போட்டிருப்பது இரண்டு மருந்துகளின் எடையைக் கூட்டி வந்த தொகை. 110 என்றால் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. 125 என்றால் லெவோடோபா அதே 100, கார்பிடோபா 25. 275 என்றால் லெவோடோபா 250, கார்பிடோபா 25. கடையில் "110 இல்லை, 125 தரட்டுமா, கொஞ்சம்தான் பவர் கூட" என்று சொன்னால் அது தவறு. லெவோடோபா இரண்டிலும் ஒரே அளவுதான். மாறியிருப்பது கார்பிடோபா, அதுவும் இரண்டரை மடங்கு. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிய, உடலுக்குள் இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்தில் உள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற செய்திப்பொருளைச் செய்து, அடிமூளையின் ஸ்ட்ரையாட்டம் பகுதிக்கு அனுப்புகின்றன. நடக்க, திரும்ப, பொத்தான் போட, முகத்தில் சிரிப்பு வர அந்த டோபமின் வேண்டும். பார்க்கின்சனில் இந்த நரம்பணுக்கள் அழிகின்றன. 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் என்ற இரு ஆய்வாளர்கள் இறந்த நோயாளிகளின் மூளையில் இந்தப் பகுதியின் டோபமின் வற்றிப்போயிருந்ததை அளந்து காட்டினார்கள். அப்படியானால் டோபமினையே கொடுத்துவிடலாமே என்றால், முடியாது. அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது; இரத்த-மூளைத் தடுப்பு அதை விடாது. அதற்கு ஒரு படி முந்தைய பொருளான லெவோடோபா போகும். மூளைக்குள் சென்றபின் ஒரு நொதி அதன் கார்பாக்சில் தொகுதியை வெட்டி, டோபமினாக மாற்றுகிறது. அந்த நொதிக்குத் துணையாக வைட்டமின் பி6-இன் செயல்வடிவம் வேண்டும்.

சங்கடம் என்னவென்றால், அதே நொதி குடல் சுவரிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தாராளமாக இருக்கிறது. லெவோடோபாவை மட்டும் விழுங்கினால் மூளையை எட்டும் முன்பே பெரும்பகுதி டோபமினாகிவிடும். வெளியே உருவாகும் அந்த டோபமின் மூளைக்குள் போகாது. ஆனால் மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடம் இரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே இருப்பதால் அதை நேராகத் தொடும். குமட்டல் அதனால்தான். இரத்தக் குழாய்கள் தளர்ந்து எழுந்து நிற்கும்போது தலைசுற்றவும் இது ஒரு காரணம். 1960-களின் இறுதியில், நியூயார்க்கில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் காட்டிய வழியில் இந்த மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது நாளுக்குப் பல கிராம் தேவைப்பட்டது இதனால்தான்.

கார்பிடோபா மூளைக்குள் போகாது. வெளியே உள்ள அந்த நொதியை மட்டும் கட்டிப்போடும். அதைச் சேர்த்தால் லெவோடோபாவின் தேவை ஏறக்குறைய முக்கால்பங்கு குறைகிறது. இரத்தத்தில் லெவோடோபாவின் அரை ஆயுள், அதாவது அதன் அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 50 நிமிடத்திலிருந்து ஒன்றரை மணி நேரமாக நீள்கிறது. ஆனால் வெளி நொதி முழுவதையும் கட்ட நாளுக்கு 70 முதல் 100 மி.கி. கார்பிடோபா வேண்டும். இந்த 70 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

110 ஒரு நாளைக்கு மூன்று: கார்பிடோபா 30 மி.கி. போதாது. 125 மூன்று: 75. போதும். 275 மூன்று: அதுவும் 75தான், ஆனால் லெவோடோபா 750 ஆகிவிட்டது, தொடக்க நோயாளிக்கு அது அதிகம். இங்கேதான் பலர் செய்யும் சிக்கனம் ஒன்று தோற்கிறது. 275-ஐப் பாதியாக உடைத்தால் ஏறக்குறைய ஒரு 125 வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பாதி 275-இல் இருப்பது லெவோடோபா 125, கார்பிடோபா 12.5. மூன்று வேளைக்கும் சேர்த்து கார்பிடோபா 37.5தான். காசு கொஞ்சம் மிஞ்சும். குமட்டல் நிறைய வரும். மூளைக்குப் போவதும் குறையும். மருந்து பிடிக்கவில்லை என்று முதல் மாதத்திலேயே நின்றுபோகும் சிகிச்சைகளில் இந்தக் கணக்குப் பிழைக்கு ஒரு பங்கு உண்டு.

ஆகவே என் கணிப்பு: புதிதாகத் தொடங்குபவருக்கும் நாளுக்கு 300 முதல் 600 மி.கி. லெவோடோபா எடுப்பவருக்கும் 125தான் சரியான அட்டை. 110-க்கும் இடம் உண்டு. நாளுக்கு ஏழெட்டு முறை எடுக்கும் முற்றிய நோயாளிக்கு 110 எட்டு என்றால் கார்பிடோபா 80 வந்துவிடுகிறது. அங்கே அது போதும். 275 ஒரே வேளையில் 200, 250 மி.கி. தேவைப்படும் நிலைக்கு வந்தவர்களுக்கானது. பவர் கூடுதல் என்பதற்காக அதை வாங்க வேண்டியதில்லை. அட்டை மாறினால் மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். பெயர் மாறலாம், எண் மாறக்கூடாது.

தொடங்கும் விதம் பொதுவாக இப்படி: 125-இல் அரை மாத்திரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளை, ஒரு வாரம் கழித்துக் கூட்டி, சில வாரங்களில் ஒன்று வீதம் மூன்று வேளை. அரை மாத்திரைக் கட்டத்தில் கார்பிடோபா அதிகபட்சம் 37.5தான் என்பதால் அந்த நாட்களில் கொஞ்சம் குமட்டல் வருவது இயல்பு. முழு அளவுக்கு வந்ததும் அது தணிவதற்குக் காரணம் உடல் பழகுவது மட்டுமல்ல. கார்பிடோபாவும் போதிய அளவை எட்டியிருக்கும். அதுவரை மாத்திரையோடு ரஸ்க், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் போல ஏதாவது எடுக்கலாம். பால் வேண்டாம்.

குமட்டலுக்கு மருந்து வேண்டுமென்றால் மிகக் கவனம். டாம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது என்பதால் மருத்துவர்கள் 10 மி.கி. கொடுப்பார்கள், ஈ.சி.ஜி.-யில் தெரியும் க்யூ.டி. என்ற இதயத் துடிப்பு இடைவெளி நீண்டவர்களுக்கு அதுவும் ஆகாது. மெட்டோக்ளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் கூடவே கூடாது. அவை மூளைக்குள் சென்று, நாம் பாடுபட்டு அனுப்பிய டோபமினின் ஏற்பிகளையே அடைத்துவிடும். இதைவிட நம் ஊரில் அதிகம் கண்ணில் படாமல் போவது லெவோசல்பிரைடு. "கேஸ் மாத்திரை" என்று ராபிப்ரசோலோடும் பான்டோபிரசோலோடும் ஒரே காப்ஸ்யூலில் சேர்ந்து வருகிறது. தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசினும், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனரிசினும் இதே வகைக் கெடுதல் செய்யும். இவை பார்க்கின்சன் இல்லாதவருக்கே நடுக்கத்தையும் விறைப்பையும் உண்டாக்கவல்லவை. லெவோடோபா வேலை செய்யவில்லை என்று தோன்றினால் அளவைக் கூட்டுவதற்கு முன், வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக வயிற்றுக்கும் தலைசுற்றலுக்கும் வாங்கியவற்றை. வேறு எந்தப் பரிசோதனையையும்விட இதில் விரைவாக விடை கிடைக்கும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். இந்த மாத்திரைக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றால் நான் குறைக்கும் இடம் இதுதான். மருந்து நல்லது, ஆனால் வயிற்றை நம்பி இருக்கிறது. லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் தொடக்கப் பகுதியில்தான். இரைப்பை மெல்லக் காலியானால் மருந்தும் அங்கேயே கிடக்கும், இரைப்பைச் சுவரின் நொதியால் சிதையும். பார்க்கின்சனில் இரைப்பை ஏற்கெனவே மந்தம். எண்ணெய் மிகுந்த உணவும் மலச்சிக்கலும் அதை இன்னும் தாமதமாக்கும். சிறுகுடலுக்குப் போனபின் இன்னொரு தடை. லெவோடோபா ஒரு அமினோ அமிலம். லூசின், ஐசோலூசின், வேலின், ஃபினைல் அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் போன்றவை குடல் சுவரைக் கடக்கும் கடத்திகளே இதையும் கடத்த வேண்டும். இரத்த-மூளைத் தடுப்பிலும் அதே போட்டி. அங்கே லாட்1 என்ற கடத்திப் புரதம் எல்லாவற்றையும் ஒரே வாசலில் நிறுத்துகிறது. பருப்புக் குழம்பும் முட்டையும் தயிரும் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால், இரத்தத்தில் மருந்து இருந்தும் மூளைக்குள் போக இடம் கிடைக்காமல் போகலாம். "மதியம் மட்டும் மாத்திரை கேட்பதில்லை" என்ற புகாரின் பின்னால் அநேகமாக இதுதான் இருக்கும்.

எனவே சாப்பிடுவதற்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பு. தவறினால் சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து. நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு. காலையில் ஆறரைக்கு மாத்திரை என்றால் ஏழேகாலுக்கு இட்லி. பால் காபியும் ஏழுக்குப் பிறகே. காபியிலேயே மாத்திரையை விழுங்கும் பழக்கத்தை விட்டாலே காலை நேரம் தெளிவாகிவிடுவதைப் பலரிடம் பார்க்கலாம். புரதக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது: ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்; 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம்; வேகவைக்காத 30 கிராம் துவரம்பருப்பிலும் ஏறக்குறைய அதே அளவு. மருந்தின் வேலை ஏறி இறங்கத் தொடங்கியவர்கள் பகலில் சோறு, ரசம், காய், கூட்டில் பருப்பைக் குறைத்து, பருப்பும் முட்டையும் மீனும் இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஆனால் மொத்தப் புரதத்தைக் குறைக்கக்கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராமாவது வேண்டும். பார்க்கின்சன் நோயாளி ஏற்கெனவே மெலிந்துகொண்டிருப்பார். நோய் தொடங்கிய முதல் ஆண்டுகளில் இந்த மாற்றமே தேவையில்லை. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி விட்டால் போதும்.

இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைக் குடலிலேயே பிணைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பை இரவுப் படுக்கைக்கு மாற்றுவது எளிது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுக்கக்கூடாது என்ற பழைய எச்சரிக்கை லெவோடோபாவைத் தனியாகக் கொடுத்த காலத்தின் மிச்சம். பி6 அந்த வெளி நொதிக்குத் துணை என்பதால் அப்போது அது உண்மையாகவே கெடுதல். கார்பிடோபா போதிய அளவு இருக்கும்போது சாதாரண அளவு பி6-ஆல் தொல்லை இல்லை. சொல்லப்போனால் கார்பிடோபா பி6-ஐயே பிணைத்துக்கொள்வதால், மிக அதிக அளவில் மருந்து எடுப்பவருக்கு பி6 குறையக்கூட வாய்ப்புண்டு. பி12 அளவைப் பார்ப்பதும் அவசியம். லெவோடோபாவின் ஒரு பகுதியைக் காம்ட் என்ற நொதி மெத்தில் சேர்த்து மாற்றுகிறது. அந்த வேலையில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உருவாகிறது. பி12-உம் ஃபோலேட்டும் குறைவாக இருந்தால் அது இரத்தத்தில் தேங்கும். சைவ உணவுக்காரர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் இருவருக்கும் பி12 ஏற்கெனவே குறைந்திருக்கலாம். பாதம் மரத்துப்போவதை நோயின் மேல் போடாமல் இதைச் சோதிக்க வேண்டும்.

சி.ஆர். என்று போட்ட அட்டை வேறு சரக்கு. மெல்லக் கரைவது. சி.ஆர். 125, சி.ஆர். 250 என்று வரும். 250-இல் லெவோடோபா 200, கார்பிடோபா 50. சாதாரண மாத்திரை அரை மணி, முக்கால் மணியில் பிடிக்கும். இது பிடிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். உடலில் சேர்வதும் சாதாரண மாத்திரையில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். ஆகவே அதே மி.கி. மாற்றினால் மருந்து குறைந்துவிட்டது என்று அர்த்தம். மெல்லக் கரைவதால் பின்னாளில் ஏற்ற இறக்கம் வராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 5 ஆண்டு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இதற்கு நான் தரும் இடம் ஒன்றே ஒன்று: இரவு படுக்கும்போது. புரண்டு படுக்க முடியாமல் அவதிப்படுபவருக்கு அது உதவும். பகலில் சாதாரண மாத்திரையே மேல். எப்போது பிடிக்கும் என்று தெரியும். சி.ஆர். மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. விழுங்க முடியாதவருக்கு, மூக்குக் குழாய் வழியே உணவு போகிறவருக்கு அதைப் பொடித்துக் கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும். சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து உடனே கொடுக்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து மாத்திரை "சீக்கிரம் இறங்கிவிடுகிறது" என்ற நிலை வரும். உடல் மருந்துக்குப் பழகிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்வது சரியல்ல. தொடக்கத்தில் மிச்சமிருக்கும் நரம்பு முனைகள் லெவோடோபாவை டோபமினாக்கி, சிறுபைகளில் சேமித்து, தேவைக்கேற்ப விடுகின்றன. அதனால்தான் ஒன்றரை மணி நேர அரை ஆயுள் கொண்ட மருந்து ஆறு மணி நேரம் வேலை செய்வதுபோல் தெரிகிறது. அந்த முனைகள் குறையக் குறையச் சேமிப்பும் போகிறது. அப்போது செரட்டோனின் என்ற வேறொரு செய்திப்பொருளைச் செய்யும் நரம்பணுக்கள் லெவோடோபாவை டோபமினாக மாற்றும். ஆனால் அளவாக விடும் கட்டுப்பாடு அவற்றுக்குக் கிடையாது. கடைசியில் மூளையின் டோபமின் இரத்தத்தின் லெவோடோபாவோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஏறும்போது உடல் தானாக நெளியும், முறுக்கும். இறங்கும்போது உறைந்து நிற்கும்.

இதற்கு மருந்தை நிறுத்துவது வழியல்ல. இடைவெளியைச் சுருக்குவதுதான் வழி. ஆறு மணிக்கு ஒருமுறை என்பது நான்கு, பிறகு மூன்றரை என்று வரும். நெளிவு இருந்தால் ஒவ்வொரு வேளையின் அளவும் கொஞ்சம் குறையும். மருத்துவரிடம் போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது பிடித்தது, எப்போது இறங்கியது, நெளிவு எப்போது. "நல்லாத்தான் இருக்கிறார்" என்று வாயால் சொல்வதை வைத்து அளவை மாற்ற முடியாது. என்டகபோன் 200 மி.கி.-ஐ ஒவ்வொரு வேளை லெவோடோபாவோடும் சேர்த்தால் காம்ட் தடைபட்டு, மருந்து கொஞ்சம் நீளும். மூன்றும் சேர்ந்த மாத்திரையும் வருகிறது. சிறுநீர் ஆரஞ்சு-பழுப்பு நிறமாகும், பயம் வேண்டாம். ரசாஜிலின், அமான்டடின் என்ற துணை மருந்துகளும் அவரவர் நிலைக்கேற்ப. டிரைஹெக்சிஃபெனிடில் இன்னமும் பலருக்கு எழுதப்படுகிறது. நடுக்கத்துக்கு உதவும், ஆனால் அறுபத்தைந்தைத் தாண்டியவரின் நினைவாற்றலைக் குழப்பும், மலச்சிக்கலை இறுக்கும். பெரியவர் ஒருவர் அறையில் இல்லாத ஆட்களைக் காணத் தொடங்கினால், முதலில் குறைக்க வேண்டியது இதுபோன்ற துணை மருந்துகளை. லெவோடோபாவைத் தொடுவது கடைசியில்தான்.

"சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் தீர்ந்துவிடும், முடிந்தவரை தள்ளிப்போடு" என்ற பேச்சு இன்னும் உலவுகிறது. இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நெதர்லாந்தில் 445 தொடக்க நோயாளிகளில் பாதிப்பேருக்கு உடனேயும் மீதிப்பேருக்கு 40 வாரம் கழித்தும் லெவோடோபா கொடுத்தார்கள். 2019-இல் வந்த முடிவில், 80-ஆவது வாரத்தில் இரு சாராரும் ஒரே நிலையில் இருந்தார்கள். மருந்து நோயைத் தடுக்கவுமில்லை, விரைவுபடுத்தவுமில்லை. கானா நாட்டு நோயாளிகளை இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் தெளிவு. கானாவில் மருந்து கிடைக்காமல் பலர் தாமதமாகவே தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் ஏற்ற இறக்கமும் நெளிவும் இரு நாட்டிலும் நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் வந்தன. அவற்றைத் தீர்மானிப்பது நோயின் வயதும், உடல் எடைக்கு எவ்வளவு மருந்து என்பதும். எத்தனை ஆண்டு மருந்து எடுத்தோம் என்பது அல்ல. அளவு முக்கியம் என்பதை 2004-இல் வெளியான ஆய்வும் காட்டியது: நாளுக்கு 600 மி.கி. எடுத்தவர்களில் 40 வாரத்துக்குள்ளேயே ஆறில் ஒருவருக்கு நெளிவு வந்தது. ஆகவே தேவைப்படும்போது தயங்காமல் தொடங்கலாம். தேவையான மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். சட்டைப் பொத்தான் போட முடியாமல் வீட்டுக்குள் முடங்கியவரை "மருந்தை மிச்சம் பிடிக்கிறோம்" என்று காக்க வைப்பதை ஏற்க முடியவில்லை. அந்த ஆண்டுகள் திரும்பி வராது.

மாத்திரை செய்யாதவையும் உண்டு. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் நரம்பணுக்களில் உறைந்து சேர்வதை அது தொடாது. மோப்பம் போனது, மறதி, விழுங்கும் சிரமம், சமநிலை தவறி விழுவது ஆகியவற்றில் அதன் கை நீளாது. விறைப்பும் மந்தமும் நன்றாகக் குறைந்தபின் நடுக்கம் மட்டும் பாதி நிற்பதும் உண்டு. நாளுக்கு 900, 1000 மி.கி. வரை கொண்டுபோய் ஒரு மாதமாவது கொடுத்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், நோயே வேறாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். வெறும் 300-இல் நிறுத்தி "கேட்கவில்லை" என்று முடிவு கட்டுவது அவசரம்.

இதே மாத்திரை அற்புதம் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அது முதியவர்களிடம் அல்ல. நடக்கப் பழகிய குழந்தைக்குக் கால் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும், காலையில் பரவாயில்லை, மாலையாக ஆக மோசம், தூங்கி எழுந்தால் மறுபடி சரி. இந்தக் கதையோடு வரும் குழந்தைகளில் சிலருக்குப் "பெருமூளை வாதம்" என்று ஆண்டுக்கணக்கில் பெயர் சூட்டப்பட்டிருக்கும். உண்மையில் அது லெவோடோபாவுக்குக் கேட்கும் டிஸ்டோனியா என்ற தசை முறுக்கு நோயாக இருக்கலாம். ஜி.சி.எச்.1 என்ற மரபணுவின் பிழையால் டெட்ராஹைட்ரோபயோப்டெரின் குறைகிறது. டைரோசினை லெவோடோபாவாக்கும் நொதிக்கு அது துணை. நரம்பணுக்கள் அழிவதில்லை, அவற்றுக்குச் சரக்குதான் வருவதில்லை. லெவோடோபாவை நேராகக் கொடுத்தால் அந்தப் படியையே தாண்டிவிடலாம். மிகச் சிறிய அளவிலேயே, சில நாட்களில் குழந்தை நிமிர்ந்து நடக்கும். பல ஆண்டுகள் கொடுத்தும் அதே அளவு போதும். காரணம் தெரியாத கால் முறுக்கு உள்ள குழந்தைக்கு, குழந்தை நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில் ஒருமுறை இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

பூனைக்காலி விதையைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அதில் லெவோடோபா இருப்பது உண்மை. விதையின் எடையில் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம். அதைப் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தவர்கள் தாமோதரனும் ராமசாமியும். சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை. 2004-இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் செய்த சோதனையில் 30 கிராம் விதைத் தயாரிப்பு, சாதாரண மாத்திரையைவிட விரைவாகவே பிடித்தது. ஆகவே அது வெற்று நம்பிக்கை அல்ல. ஆனால் கடையில் வாங்கும் பூனைக்காலிப் பொடிக்கு நான் சான்று தரமாட்டேன். பொட்டலத்துக்குப் பொட்டலம் லெவோடோபா அளவு மாறும். கார்பிடோபா இல்லாததால் குமட்டலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கூடும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருத்துவர் போட்ட கணக்கு குலையும். சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வாங்கி வைப்பதில் சில. அட்டையிலிருந்து ஒரு வாரத்துக்கு முன்பே பிரித்துப் பாதியாக உடைத்து டப்பாவில் போட வேண்டாம். ஈரமும் வெளிச்சமும் காற்றும் பட்டால் லெவோடோபா ஆக்சிஜனேற்றம் அடைந்து கறுக்கும். கறுத்ததை எறிந்துவிடுங்கள். வியர்வை துணியில் கறையாவதும், சிறுநீர் நின்றபின் கறுப்பதும் அதே வேதியியல்தான், கெடுதல் இல்லை. எழுந்து நின்றால் தலைசுற்றினால், படுத்த நிலையில் ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை இரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லி, பழைய பி.பி. மாத்திரையை முதலில் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் சேர நேர்ந்தால் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று. அறுவை சிகிச்சைக்கு முன் "வாயில் எதுவும் கூடாது" என்று சொல்லும்போது இந்த மாத்திரையும் சேர்ந்து நின்றுபோகும். நாள்பட எடுப்பவருக்கு லெவோடோபா திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், உடல் முழுக்க விறைப்பு, சுயநினைவுக் குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. தொற்றுக் காய்ச்சல் என்று தவறாக நினைக்கவும் வாய்ப்புண்டு. கொஞ்சம் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுக்கலாமா, முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழியே கொடுப்பார்களா என்று மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மாத்திரையின் எண், மணி நேரம், மெட்டோக்ளோப்ரமைடும், மனக்குழப்பத்துக்குத் தரும் ஹாலோபெரிடாலும் கூடாது என்ற குறிப்பு, மூன்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கேஸ் ஷீட்டின் முகப்பில் இணைக்கச் சொல்லுங்கள். ஒரு அட்டை மாத்திரையைக் கூடவே கொண்டுபோங்கள். இரவு நேரத்தில் வார்டில் அதே எண் இருக்கும் என்று நம்ப முடியாது.